சுகிர்தனின் சோதனைப் பாட்டு

கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி முடிவதற்கு முன்பே சுகிர்தன் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்துபோவான். போகும்போதே சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாருவான். வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப் அவன் இடது மணிக்கட்டில் வளையல் போலக் கிடக்கும். கழுவிய அண்டாக்களைக் கவிழ்த்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வான். மேடையில் பூக் கட்டுகிறவர்களுக்கும் பின்னால் சமைக்கிறவர்களுக்கும் அந்த ஆங்கிலப் பாட்டு மனப்பாடம். அதன் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. "சுகிர்தன்ட பாட்டுப் போட்டாச்சு, இன்னும் தேங்காய் திருவேல்லையோ?" என்று தலைமைச் சமையல்காரர் தன் ஆட்களை அதட்டுவார். அவர்களுக்கு அது ஒரு மணிக்கூடு.

சுகிர்தன் என் தம்பி. வயது நாற்பத்தாறு. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் நடக்கும் கலியாணங்களில் பாதிக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் அவன்தான். கூடப்பிறந்தவள் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை, மண்டபக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவன் கட்டிய இடத்தில் மைக் கூவியது கிடையாது. மைக்கை வாங்கியவுடன் வாய்க்குள் வைத்து ஊதுகிறவர்களைக் கண்டால் பாய்ந்துபோவான். "ஊதாதீங்கோ அண்ணை, அதென்ன அடுப்போ?" விரலால் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு வேறு பேச்சு: "தட்டாதீங்கோ, அது தேங்காய் இல்லை."

அவனுடைய கூட்டாளி பஹ்மி கிண்ணியாவைச் சேர்ந்தவன், தம்பியின் வயதுதான். ஒலிபெருக்கிப் பெட்டிகள் சுகிர்தனுடையவை, சின்ன லொறி பஹ்மியுடையது, சண்டை இருவருக்கும் பொது. பள்ளிவாசல் வேலைகளுக்கு மட்டும் பாட்டுப் போடுவதில்லை. அங்கே பஹ்மி மைக்கில் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணுவான். "இவன்ட குரலுக்குப் பெட்டி சரிவந்தால் தவளைக்கும் சரிவரும்" என்பான் தம்பி. "தவளைக்குக் கூலி குடுக்கத் தேவல்ல மச்சான், எனக்குக் குடு" என்பான் பஹ்மி.

இப்படி இருந்தவனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முழுக்கப் போகவில்லை. மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போகின்றன. அந்தப் பாட்டில் அவன் உயிரை வைத்திருக்கிற இடம் அவற்றுக்குள்தான் இருக்கிறது. அவனுக்கு இது தெரியவருவதற்கு முன்பே வேறொருவனுக்குத் தெரிந்திருந்தது.

பாட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அது ஒரு பழைய கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பாடுகிறவள் பிற்காலத்தில் உலகமெல்லாம் பெயர் எடுத்துவிட்டாள். அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது. தம்பி அவளைப் "பிள்ளை" என்றுதான் சொல்லுவான். கசெட் அட்டையில் அவள் பிள்ளைதான். அளவுக்குப் பெரிய ஒரு மேற்சட்டை, தானே வெட்டிக்கொண்டது போன்ற முன்மயிர், பஸ் வராத பஸ் நிலையத்தில் நிற்பது போல ஒரு பார்வை. அவளுடைய ஆரம்பத் தொகுப்பு அது. "இப்ப அவவுக்கு என்ர அம்மாட வயசு, நீங்கள் இன்னும் பிள்ளை எண்டுகொண்டு இருங்கோ" என்று அவன் மனைவி பிரியதர்சினி சொல்லுவாள். "கசெட்டில இருக்கிறவவுக்கு வயசு போகாது" என்பது அவன் பதில். பிரியதர்சினி என்னிடம் சிரித்துக்கொண்டு, "இவர் முதல்ல கட்டினது அவவத்தான் மச்சாள், நான் ரெண்டாந்தாரம்" என்பாள்.

எங்கள் அப்பா துறையில் கப்பலின் வடத்தைப் பிடித்துக் கட்டுகிற வேலை செய்தவர். கோதுமை கொண்டுவந்த கப்பலில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் வாழைக்குலை கேட்டிருக்கிறான். அப்பா வீட்டு வளவில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க, அவன் பதிலுக்கு இந்தக் கசெட்டைக் கொடுத்தான். "நல்ல குலையொண்டு வீணாப்போச்சு" என்று அப்பா மேசையில் போட்டதைத் தம்பி எடுத்துக்கொண்டான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

அன்றிலிருந்து அவன் அதை ரசிக்கிற விதம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புகழமாட்டான். "மூண்டு பாட்டுச் சரியில்லை. ஒண்டு சும்மா துள்ளல். பின்னணியும் மலிவு, வயலின் எண்டு சொல்லி ஓர்கன் பெட்டியில வாசிச்சிருக்கிறாங்கள்" என்று குறைகளை முதலில் எடுத்து வைப்பான். பிறகு குரலுக்கு வருவான். "அக்கா, சின்ன அறைக்குள்ள நெட்டையான ஆள் எழும்பி நிக்கிறமாதிரி. தலை கூரையில முட்டுது. முட்டிற சத்தம் கேக்கும் பாருங்கோ." அவளுடைய பிந்திய தொகுப்புகளையும் வாங்கிக் கேட்டவன்தான். அவற்றில் பெரிய வாத்தியக் கூட்டம், துடைத்து மினுக்கிய குரல். "அங்க கூரையை உயர்த்திக் குடுத்திட்டாங்கள். எவ்வளவு எழும்பினாலும் முட்டுறதில்லை. இந்தக் கசெட்டில, தன்னை ஆர் கேக்கப்போகினம் எண்டு அவவுக்கே தெரியாது. அதான் உப்பிடிக் கத்துறா."

இரண்டாம் பக்கத்துப் பாட்டு மெதுவானது. பாதிவரை அவள் பாடுவதே இல்லை, பக்கத்தில் இருக்கிறவரிடம் கதைக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போகிறாள். பிறகு வாத்தியமெல்லாம் நிற்கிறது. அந்த வெறுமைக்குள் அவள் ஒரு மூச்சை இழுப்பது கேட்கும், தண்ணீருக்குள் போகிறவர் இழுப்பது போல. அதற்குப் பிறகுதான் குரல் மேலே போகிறது. போய், உச்சியில் நின்று, விடும் இடத்தில் துணி கிழிகிறது போல இலேசாகப் பிரிகிறது. நான் தையல்காரி, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிந்திய பதிப்பு ஒன்றில் அந்த மூச்சையும் பிரிவையும் எடுத்துவிட்டார்கள் என்று தம்பி ஒருநாள் சாப்பிடாமல் இருந்தான். அந்தப் பழைய கசெட்டிலிருந்துதான் போனுக்கு மாற்றிவைத்திருக்கிறான். பெட்டிகளைச் சோதிப்பதும் அந்த மூச்சை வைத்துத்தான். கடைசி வரிசையில் மூச்சுக் கேட்டால் மண்டபம் சரி.

சொற்களின் பொருள் அவனுக்கு நெடுங்காலம் தெரியாது. அவன் மகள் ஜுமானா என்ற தன் சிநேகிதியோடு சேர்ந்து போனில் பார்த்துச் சொன்னாள்: "போறதெண்டால் லைற்றை நூக்காமல் போ எண்டு கேக்கிறா அப்பா." தம்பி கசெட் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவுதானோ? இதுக்கோ இந்தக் கத்து?" என்றான். ஆனால் அன்றிலிருந்து வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் வாசல் விளக்கை அவன் அணைப்பதில்லை என்று பிரியதர்சினி மின்சாரக் கட்டணத்தைக் காட்டிச் சண்டைபிடித்தாள்.

இரண்டு வருடமாக அவனுக்குப் பெட்டிகளோடு மனக்குறை. "பெட்டி களைச்சுப் போச்சு அக்கா. காலமை சோதிக்கேக்க நல்லாயிருக்கு, மத்தியானம் பாத்தால் மூச்சு இல்லை" என்பான். கூரிய சத்தங்களைத் தருகிற சின்ன ஒலிபெருக்கிக்கு ட்வீட்டர் என்று பெயர். பெட்டியைக் கழற்றி அதை மாற்றுவான். சில மாதம் கழித்துத் திரும்பவும் மாற்றுவான். "இப்ப வாற சாமான் எல்லாம் கடதாசி" என்று கடைக்காரரைத் திட்டுவான். வீட்டில் பிரியதர்சினி குசினிக்குள் இருந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்பதில்லை. எல்லாக் கணவன்மாருக்கும் உள்ள வருத்தம்தானே என்று நாங்கள் சிரித்தோம்.

சென்ற ஆவணியில் ஒரு கலியாணம். மீன் வியாபாரி ஒருவரின் மகளுக்கு. மணப்பெண்ணின் சட்டைக்குக் கடைசித் தையல் போடுவதற்காக நான் நேரத்துக்கே மண்டபத்துக்குப் போயிருந்தேன். பஹ்மி அன்று இல்லை. மூதூரில் அவனுடைய மாமியார் காலமாகி, ஜனாஸாவுக்குப் போய்விட்டான். தம்பி தனியாக, புதிதாக மாற்றிய ட்வீட்டர்களோடு எல்லாவற்றையும் கட்டினான். வழக்கத்தைவிடப் பிந்திவிட்டது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டைப் போட்டான்.

முதல் பாதி பரவாயில்லை. பிறகு அந்த மூச்சு வந்தது. மூச்சா அது? தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. குரல் மேலே போனபோது முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். கைக்குழந்தை ஒன்று வீரிட்டது. ஏணியில் நின்று பூக் கட்டியவர் ஒரு கையால் ஏணியையும் மறுகையால் காதையும் பிடித்தார். வாசலில் கட்டிய வாழைமரத்தைத் தின்ன வந்து நின்ற, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டும் வீதியைப் பாய்ந்து கடந்தன. கடைசி வரிசையில் என் தம்பி கண்ணை மூடி, முகம் முழுவதும் சந்தோசமாக உட்கார்ந்திருந்தான். நெடுநாளைக்குப் பிறகு அவனுக்கு அவள் முழுதாகத் திரும்பக் கிடைத்திருந்தாள்.

கண்ணைத் திறந்தவன் பிள்ளைகளின் கைகளைத்தான் முதலில் கண்டான். சிரித்தான். பிறகு பெரியவர்களைக் கண்டான். பாட்டை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"என்னக்கா, எல்லாரும் காதைப் பொத்துகினம்?"

நான் ஊசியைச் சட்டையில் குத்திவைத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. சத்தம் கூடவோ?"

"கூடத்தான் தம்பி. காதுக்குள்ள குத்துது."

அவன் மறுபடியும் பாட்டைப் போட்டுக் கூர்ச்சத்தக் குமிழைக் குறைத்தான். என்னைப் பார்த்தான். "இன்னும்" என்றேன். குறைத்தான். "இன்னும் கொஞ்சம்." எனக்குச் சரியாகக் கேட்ட இடத்தில் "போதும்" என்றேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, அந்த மூச்சும் அந்தப் பிரிவும்! அவன் பெட்டியின் அருகே போய்க் காதை வைத்தான். வைத்தபடியே நின்றான்.

"போர்வைக்குள்ள நிண்டு பாடுறா அக்கா" என்றான்.

கலியாணத்தைக் குறையில்லாமல் நடத்திக் கொடுத்தான். நான் "போதும்" என்ற இடத்தைவிட்டுக் குமிழை அசைக்கவில்லை. மூன்று முடிச்சுப் போடும்போது மேளத்தைக் கூட்டவேண்டிய நேரத்தில் கூட்டினான். ஆனால் யார் எது கேட்டாலும் வாயைத்தான் பார்த்தான், கண்ணைப் பார்க்கவில்லை.

பஹ்மி மூதூரிலிருந்து வந்ததும் எல்லாம் வெளியில் வந்தது. தம்பியின் கொட்டிலில், பெட்டிகளுக்கு நடுவில். நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். சோதனைப் பாட்டு முடிந்து சுகிர்தன் வாய் கொப்பளித்துத் தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில், பஹ்மிதான் ஒவ்வொரு மண்டபத்திலும் அவன் தனக்கு மூச்சுக் கேட்கும்வரை கூட்டிவைத்த அந்தக் குமிழை இரகசியமாகக் குறைத்து வந்திருக்கிறான். அதனால்தான் காலையில் இருந்த மூச்சு மத்தியானம் இல்லாமல் போயிருக்கிறது.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ற மச்சான்? அந்தப் பாட்டுக்கு நீ கண்ண மூடிட்டு இரிக்கிறதப் பாத்தா வாய் வருகுதில்ல."

"மூண்டு சோடி ட்வீட்டர் மாத்தினனான்டா!"

"தெரியும். நீ எறிஞ்ச ரெண்டு சோடி என்ட ஊட்டுல இரிக்கி. எல்லாம் நல்ல சாமான்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையிலிருந்த குறட்டைச் சுவரில் வீசினான். பஹ்மி அதை எடுத்துத் துடைத்து, கருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "தேத்தண்ணி ஆறுது" என்றான். இருவரும் குடித்தார்கள். பிறகு பல நாள் தம்பி அவனோடு கதைக்கவில்லை. பஹ்மியும் விடாமல் ஒவ்வொரு காலையும் லொறியைக் கொண்டுவந்து ஒழுங்கையில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்திரிகை வாசித்தான்.

காதுப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூட்டுக்குள் அவனை இருத்தி, காதுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் விரல் நன்றாகத்தான் எழும்பியது. பிறகு அவன் அசையாமல் இருந்தான், வராத சத்தத்துக்குக் காத்திருக்கிறவன் போல. வெளியே நின்ற எனக்கு, கருவியில் விளக்கு எரிந்து எரிந்து அணைவது தெரிந்தது. இளம் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு காலம் பெட்டிகளுக்கு முன்னால் நின்றதன் விளைவு. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். "குருவிச் சத்தம் போயிட்டுதாம்" என்று வெளியில் வந்து சொன்னான். "நான் எப்ப அக்கா குருவி பாத்தனான்? போகட்டும். ஆனா அடுத்தது சின்னப் பிள்ளையளின்ட கதையும் பொம்பிளையளின்ட கதையுமாம்." பஸ்ஸில் வரும்போது சீனன்குடாப் பக்கமிருந்து விமானம் ஒன்று தாழப் பறந்தது. "இது கேக்குது, என்ன பிரயோசனம்" என்றான்.

காதுக்குக் கருவி எடுத்தோம். அதைப் போட்டால் மின்விசிறியும் கரண்டியும் தன் வாய்க்குள் சோறு மெல்லுவதும் கேட்கிறது என்று முகத்தைச் சுளித்தான். பாட்டைப் போட்டுப் பார்த்தான். "தகரப் பேணிக்குள்ள நிண்டு பாடுறா. அவவுக்கு இது தேவையில்லை" என்று கழற்றிவிட்டான். இப்போது கலியாண வீட்டாரோடு கதைக்கப் போகும்போது மட்டும் போடுகிறான்.

மற்றபடி கசெட்டை விடவில்லை. பின்னேரங்களில் கொட்டிலில் போட்டுவிட்டு இருக்கிறான். ஒருநாள் நான் துணி கொடுக்கப் போனபோது, பாட்டில் வாத்தியங்கள் நின்ற இடத்தில் அவன் நெஞ்சு உயர்ந்தது. சரியாக, அவளோடு சேர்ந்து.

"கேக்குதோ தம்பி?" என்றேன் ஆசையாக.

"அதுதான் எனக்கு விளங்கேல்லை அக்கா. கேக்கிறனோ, நினைக்கிறனோ தெரியாது." கசெட் அட்டையை எடுத்துத் தூசியைத் துடைத்தான். "இன்னும் கொஞ்சக்காலம் போனால் நினைக்கிறதும் பிழைக்கும். நான் வேற ஒராளை நினைச்சுக்கொண்டு இருப்பன். அது அவவில்லை எண்டு சொல்லுறதுக்கும் காது வேணுமே."

துணியை மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

தை பிறந்த பிறகு முதல் கலியாணம் துறைமுகப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. அன்றைக்கும் தையல் வேலையாக நான் அங்கே இருந்தேன். வயர்களை இழுத்து முடித்ததும் சுகிர்தன், குமிழ்கள் உள்ள மிக்சருக்கு முன்னால் தான் வழக்கமாக உட்காரும் கதிரையைத் துடைத்து, "இரு" என்று பஹ்மியிடம் சொன்னான். பஹ்மி இருக்கவில்லை. "இரடா எண்டால்!" இருந்தான். தம்பியே பாட்டைப் போட்டான். ஆனால் கடைசி வரிசைக்குப் போகவில்லை. நான் நின்ற தூணடிக்கு வந்து எனக்கு முன்னால் நின்றான், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வாத்தியங்கள் நின்றன. பஹ்மி குமிழில் விரல்களை வைத்து, மெதுவாகத் திருப்பினான். மூச்சு வந்தது. குரல் மேலே போனது, உச்சியில் நின்றது, துணி கிழிகிறது போலப் பிரிந்தது. பூக் கட்டுகிறவர்கள் தங்கள் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஹ்மி தலையைத் திருப்பி, சரிதானா என்று புருவத்தை உயர்த்திச் சுகிர்தனைக் கேட்டான். அவன் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையசைத்தேன். தம்பி மெதுவாகத் திரும்பி, வலது கையை உயர்த்தி, பஹ்மிக்குச் சரியென்று காட்டினான்.